கடல் பூதக் கதைகளுக்கு நீங்களே ஒரு புராணம் கட்டச் சொன்னால் எப்படிக் கட்டுவீர்கள்?

எல்லாப் பூதத்துக்கும் சேர்த்து ஒரே கதை என்றால் சரிப்படாது. நான் நார்வேக்காரர்களின் ஹாஃப்குஃபா என்ற கடல் பூதத்தை எடுத்துக்கொள்கிறேன்.

13ஆம் நூற்றாண்டில் அங்கே எழுதப்பட்ட 'அரசனின் கண்ணாடி' என்ற நூலில் ஒரு அப்பா மகனுக்குக் கடல் சங்கதிகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருவார். இந்தப் பூதம் வந்ததும் தயங்குவார், சொன்னால் யாரும் நம்ப மாட்டார்களாம். பார்வைக்குத் தீவு மாதிரி இருக்கும். பசித்தால் ஒரு ஏப்பம் விட்டு, தின்றதில் கொஞ்சம் கக்கும். அந்த வாடைக்கு மீன்கள் கூட்டம் கூட்டமாக வாய்க்குள் வந்து நிறையும். அப்புறம் வாயை மூடும், அவ்வளவுதான். துரத்தல் கிடையாது. உலகத்தில் மொத்தமே இரண்டுதான் இருக்கும், பெருகுவதும் இல்லை என்கிறார் அப்பா. பெருகினால் யார் தீனி போடுவது?

துரத்தாது, மொத்தம் இரண்டு, குட்டி போடாது. என் புராணம் இந்த மூன்றுக்கும் காரணம் சொல்ல வேண்டும்.

இமிர் என்ற ஆதி ராட்சசன் ஔதும்லா பசுவின் மடியிலிருந்து ஓடிய நான்கு பாலாறுகளைக் குடித்து வளர்ந்தவன். ஓடின் என்ற தேவனும் அவன் சகோதரர்களும் அவனைக் கொன்று சதையை மண்ணாக்கினார்கள், எலும்பை மலையாக்கினார்கள், மண்டையோட்டை வானமாகக் கவிழ்த்தார்கள், ரத்தம் கடலானது. இதுவரை அவர்களுடைய பழைய கதை. இனி என் சரக்கு.

எல்லாம் பங்கிட்டு முடிந்த பிறகும் ஏதோ ஒன்று கிடந்து துடித்தது. இமிரின் வயிற்றுப் பசி. அதை வைத்து எதைப் படைப்பது? யாருக்கும் தெரியவில்லை. ஓடின் அதைக் காலால் எத்திவிட்டான். கடலில் விழுந்த வேகத்தில் பசி ஒன்று, தாகம் ஒன்று என இரண்டாக உடைந்தது. பால் தவிர எதுவும் அறியாத இரண்டும், வாயைத் திறந்தால் தானாக வந்து விழும் என்று இன்னும் திறந்தே வைத்திருக்கின்றன. பிறந்திருந்தால்தானே பெறுவதற்கு?

நிஜக் காரணமும் சுவையானதுதான். 2011இல் கனடாவின் வான்கூவர் தீவுப் பக்கம் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் நீர்மட்டத்தில் வாயைப் பிளந்தபடி அசையாமல் நிற்பதைக் கவனித்தார்கள். பறவைகளுக்குப் பயந்த சிறு மீன்கள் ஒதுங்க இடம் கிடைத்தது என்று உள்ளே போகும். ஹாஃப்குஃபா இந்தத் திமிங்கில வேலைதான் என்று 2023இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஏப்பம் உட்பட, தீனி பிடிக்கும் விதம் பொருந்துகிறது.

கைகளால் கப்பலை வளைக்கும் கிராக்கனுக்கு இந்தக் கதை ஒட்டாது. அது ராட்சதக் கணவாய் சமாச்சாரம், அதற்கு வேறு புராணம்தான் கட்ட வேண்டும்.