அடிப்படை முதல் உயர்நிலை வரை ஒரே கட்டணத்தில் சீன மொழி: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: பொறியியல் முடித்த என் மகள், ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதித் தொழிற்சாலைகளில் மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு முயல்வதற்காகச் சீன மொழி கற்க விரும்புகிறாள். ‘அடிப்படை முதல் உயர்நிலை வரை, எச்எஸ்கே (சீன மொழித் திறன் தேர்வு) ஆறாம் நிலை உறுதி’ என்று விளம்பரம் செய்யும் இணைய வகுப்பு ஒன்றில், 120 மணி நேரப் பதிவுக் காணொளிகளுக்கு 96,000 ரூபாய் கட்டணம் என்றும், இன்றே சேர்ந்தால் 48,000 மட்டும் என்றும், அதையும் வட்டியில்லாத் தவணையில் கட்டலாம் என்றும் சொல்கிறார்கள். சேர்க்கலாமா?
- வாசகர், காஞ்சிபுரம்

பதில்: முழுப் படிப்புக்கும் இப்போதே பணம் கட்ட வேண்டாம். முதல் நிலைக்கு மட்டும், அதுவும் ஆசிரியர் நேரடியாக நடத்தும் வகுப்பாகப் பார்த்துச் சேருங்கள்.

2010இல் வந்த ஆறு நிலை எச்எஸ்கே தேர்வின்படி, ஆறாம் நிலைக்கு ஏறத்தாழ 5,000 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். 120 மணி நேரத்தில் அதை முடிப்பதென்றால், மணிக்கு 42 புதிய சொற்களை எழுத்தும் உச்சரிப்புமாக மனத்தில் ஏற்றிக்கொண்டே போக வேண்டும். இலக்கணத்துக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் ஒரு நிமிடம்கூட மிஞ்சாது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் தாய்மொழியான தன் அலுவலர்கள் சீன மொழியில் பணியாற்றும் அளவுக்குத் தேறுவதற்கு 88 வாரங்கள், 2,200 வகுப்பு மணி நேரம் என்று மதிப்பிடுகிறது. உங்கள் மகள் அதைவிட விரைவாகக் கற்கக்கூடும். ஆனால் பதினெட்டில் ஒரு பங்கு நேரத்தில் அந்த உயரத்தைத் தொடுவார் என்று உறுதி கூறுபவர் விற்பதற்காகப் பேசுகிறார் என்றே கொள்ள வேண்டும்.

‘நிலை’ என்ற சொல்லையும் விசாரியுங்கள். 2021இல் சீனா வெளியிட்ட புதிய தரநிலை ஒன்பது நிலைகளைக் கொண்டது. பழைய தேர்வில் நான்காம் நிலைக்கு 1,200 சொற்கள் என்றிருக்க, அந்தத் தரநிலையில் அதே நான்காம் நிலைக்கு 3,245 சொற்கள். ஆகவே எந்தப் பாடத்திட்டத்தின்படி எந்த நிலை என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பயிற்சி நிறுவனம் தானே அச்சிட்டுத் தரும் சான்றிதழ் எச்எஸ்கே மதிப்பெண் சான்றிதழ் ஆகாது. தேர்வுக் கட்டணமும் பெரும்பாலும் தனி.

வேலைதான் நோக்கம் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் பெரிய ஆலை நடத்தும் ஃபாக்ஸ்கான், தைவான் நிறுவனம். பேச்சு மொழி, சீனாவின் பொது மொழியான அதே மாண்டரினே என்றாலும், தைவானில் எழுதப்படுவது மரபு எழுத்து; எச்எஸ்கே பாடங்கள் 1950களில் சீனா எளிமைப்படுத்தத் தொடங்கிய எழுத்து வடிவத்தைச் சார்ந்தவை. உங்கள் மகள் விண்ணப்பிக்க எண்ணும் நிறுவனங்களில் எந்த எழுத்து புழங்குகிறது, எந்தத் தேர்வுச் சான்றிதழை ஏற்கிறார்கள் என்று முதலில் கேட்டறிவது, எந்த வகுப்பில் சேர்வது என்று ஆராய்வதைவிட முக்கியம்.

வகுப்பின் தரத்தை இலவச மாதிரி வகுப்பிலேயே ஓரளவு கணிக்கலாம். சீனத்தில் ஒவ்வோர் அசைக்கும் தொனி, அதாவது குரலின் ஏற்ற இறக்கம், உண்டு. ‘நீ ஹாவ்’ என்ற வணக்கத்தில் இரண்டு அசைகளும் மூன்றாம் தொனிக்குரியவை. சேர்த்துச் சொல்லும்போது முதலாவது, ஏறிச் செல்லும் இரண்டாம் தொனியாக மாறிவிடும். மகளைச் சொல்லச் சொல்லி, ஆசிரியர் அந்த மாற்றத்தைக் காதால் பிடித்துத் திருத்துகிறாரா என்று பாருங்கள். மூச்சை வெளியே தள்ளி ஒலிக்கும் ‘ப’வும் தள்ளாமல் ஒலிக்கும் ‘ப’வும் சீனத்தில் வெவ்வேறு ஒலிகள், தமிழில் அந்த வேறுபாடு இல்லாததால் நம்மவர்கள் அங்கே தடுமாறுவது இயல்பு. பதிவுக் காணொளி விதியை விளக்குமே தவிர, மாணவியின் தவற்றைக் கேட்காது. அகராதிக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. பிளெகோ செயலியின் அடிப்படை அகராதி இலவசம்.

‘வட்டியில்லாத் தவணை’ என்பது பல இடங்களில் ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் தரும் கடன். வகுப்பு நின்றாலும் கடன் தானாக நிற்காது. தவணையைத் தவறவிட்டால் கடன் மதிப்பெண் பாதிக்கப்படும். செயலி வழிக் கடன்களில் அபராதமின்றி விலகுவதற்கு ஒரு குறுகிய கால அவகாசம் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அது எத்தனை நாள் என்பது கடனின் முக்கிய விவர அறிக்கையில் இருக்கும். கையொப்பமிடும் முன் படியுங்கள்.

கேள்வி: இதே போன்ற ஒரு வகுப்பில் முழுக் கட்டணமும் கட்டிவிட்டேன். நேரடி வகுப்பு என்று சொல்லிவிட்டுப் பழைய பதிவுகளையே காட்டுகிறார்கள். ‘கட்டணம் திருப்பித் தரப்படாது’ என்று ரசீதில் அச்சிட்டிருப்பதால் ஒன்றும் செய்ய முடியாதா?
- வாசகி, வேலூர்

பதில்: முடியும். சொன்ன சேவையைத் தராததே குறைபாடு. ரசீதில் உள்ள ஒரு வரி அதை மறைத்துவிடாது. குறையுள்ள சேவைக்கான பணத்தை, ரசீதில் குறித்த காலத்துக்குள்ளோ, காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாளுக்குள்ளோ திருப்பித் தர மறுப்பதை, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. முதலில் மின்னஞ்சலில் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்; பதில் இல்லையெனில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதற்கும் அசையாவிட்டால், நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டு காலவரம்பு மட்டும் உண்டு. ‘நேரடி வகுப்பு’ என்ற விளம்பரத்தையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அவர்கள் அழிப்பதற்குள் இன்றே திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.