கல்லீரலில் காட்மியமும் துத்தநாகமும்: கேள்வி பதில்

கேள்வி: உடம்பில் சேரும் காட்மியம் என்ற நச்சு உலோகத்தைக் கல்லீரல் வெளியேற்றிவிடுமா?

பதில்: பெரும்பகுதியைக் கட்டித்தான் வைக்கும். கல்லீரல் செல்லில் மெட்டல்லோதையோனின் என்ற சிறு புரதம் உண்டு. அதிலுள்ள 20 சிஸ்டீன்களின் (கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள்) கந்தக முனைகள் 7 துத்தநாக அயனிகளைப் பிடித்திருக்கும். காட்மியம் கந்தகத்தோடு இன்னும் இறுக்கமாக ஒட்டுவதால் துத்தநாகத்தைத் தள்ளிவிட்டு அங்கே உட்கார்ந்துகொள்ளும். விடுபட்ட துத்தநாகம் எம்டிஎஃப்-1 என்ற புரதத்தில் சேர்ந்து, மெட்டல்லோதையோனின் மரபணுவை முடுக்கிவிடும். இதற்கு மணிக்கணக்கில் நேரம் பிடிக்கும். ஒரேயடியாக அதிகக் காட்மியம் வந்தால், கட்டுப்படாத பகுதி, செல்லைக் காக்கும் குளுட்டாதையோன் என்ற சேர்மத்தைத் தீர்த்து, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுத்துவிடும். முன்கூட்டியே துத்தநாகம் கொடுத்து இந்தப் புரதத்தை ஏற்றிவைத்த எலிகள், மற்ற எலிகளைக் கொல்லும் அளவையும் தாங்குகின்றன.

கேள்வி: அப்படியென்றால் தினமும் ஜிங்க் (துத்தநாகம்) மாத்திரை போடலாமா சார்?

பதில்: காட்மியத்துக்காக என்றால் வேண்டாம். எலிக்குக் கிடைத்தது முன்கூட்டிய பாதுகாப்பு. ஏற்கெனவே கட்டுண்ட காட்மியத்தைத் துத்தநாகம் கழற்றி வெளியே அனுப்பாது. பெரியவர்களுக்கு அமெரிக்காவில் வகுத்த மேல்வரம்பு நாளுக்கு 40 மி.கி. அதை வெகுவாகத் தாண்டி மாதக்கணக்கில் எடுத்தால் குடல் செல்களில் மெட்டல்லோதையோனின் பெருகி, உணவிலிருந்து வரும் செம்பைப் பிடித்துக்கொள்ளும். அந்தச் செல்கள் உதிரும்போது செம்பும் மலத்தோடு போய்விடும். இரத்தசோகை, வெள்ளணுக் குறைவு, கால் மரத்துப்போதல் எல்லாம் இப்படி வரலாம். உடம்பில் செம்பு மிகுதியாகச் சேரும் வில்சன் நோயில் இதே வழியைத்தான் சிகிச்சையாகப் பயன்படுத்துகிறார்கள். துத்தநாகக் குறைபாடு இருந்தால் மட்டும் மருத்துவர் சொன்ன அளவில் சரிசெய்யுங்கள்.

கேள்வி: இரும்புச்சத்துக் குறைவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: நேரடித் தொடர்பே உண்டு. இரும்பு குறைந்தால் குடலில் டிஎம்டி1 என்ற கடத்தி கூடும். அது காட்மியத்தையும் உள்ளே இழுக்கும். 1978-இல் வெளியான ஓர் ஆய்வில், இரும்புக் கையிருப்பு சரியாக இருந்தவர்கள் சுமார் 2.3 விழுக்காடும், குறைந்திருந்தவர்கள் சுமார் 8.9 விழுக்காடும் காட்மியத்தை உறிஞ்சினார்கள். ஜப்பானின் ஜின்சு ஆற்றுப் படுகையில் இடாய்-இடாய் என்ற காட்மிய நச்சு நோய்க்கு ஆளானவர்களில் பெரும்பாலோர் பல பிள்ளை பெற்ற, வயதான பெண்கள். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது, இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள்.

கேள்வி: கல்லீரல் கட்டிவைத்த பிறகும் சிறுநீரகம் ஏன் கெடுகிறது?

பதில்: கல்லீரல் செல்கள் சாகும்போது புரதத்தோடு காட்மியமும் இரத்தத்தில் கசியும். மூலக்கூறு சிறியது என்பதால் சிறுநீரக வடிகட்டியில் எளிதாக இறங்கும். அண்மைக் குழல் செல்கள் அதைத் திரும்ப உறிஞ்சி, லைசோசோம் என்ற செரிமானப் பையில் புரதத்தைச் சிதைக்கும். அங்கேதான் காட்மியம் தனித்து நிற்கிறது. சிறுநீரகத்தில் அதன் அளவு பாதியாகவே 10 முதல் 30 ஆண்டு ஆகும் என்றால் சேர்மானம் எப்படி ஏறும் என்று பாருங்கள்.

கேள்வி: தனிமங்களை அணு நிறையால் அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியில் கல்லீரல் மாதிரிக்குக் காட்மியம் கூடுதலாகக் காட்டுகிறது. ஏன்?

பதில்: முதலில் மாலிப்டினத்தைச் சந்தேகியுங்கள், கல்லீரலில் அது நிறைய. மாலிப்டினம்-95 ஆக்சிஜனோடு சேர்ந்தால் நிறை 111, காட்மியம்-111-இன் இடமே. 114-க்கு மாறினாலும் தப்ப முடியாது: வெள்ளீயம்-114-உம் மாலிப்டினம்-98-இன் ஆக்சைடும் அங்கே நிற்கும். மாலிப்டினம் மட்டும் உள்ள கரைசலை ஓட்டி 111-இல் எவ்வளவு எழுகிறது என்று பார்த்துக் கழித்துவிடுங்கள். மஞ்சள் பிப்பெட் முனைகளையும் மாற்றுங்கள், சிலவற்றின் நிறமியிலேயே காட்மியம் இருக்கும்.