டொயோட்டா கேடிஎச் வான் இழுக்கவில்லை, விசில் சத்தம், நீலப் புகை. மெக்கானிக் டர்போவை (எரிந்த புகையின் வேகத்தில் சுற்றி எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் காற்றாடி) மாற்றச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

மாற்ற வேண்டி வரலாம். ஆனால் காசைக் கொடுக்க முதல், அது ஏன் போனது என்று கேளுங்கள். அதைக் கேட்காமல் நான் இரண்டு டர்போ வாங்கினேன்.

என்னுடையது 3 லீட்டர் டீசல் கேடிஎச். கோண்டாவிலில் வைத்து ஹயருக்கு ஓடுகிறேன். யாழ்ப்பாணத்தில் ஒரு கரைச்சல் என்னவென்றால், இங்கே ஏற்றமே கிடையாது. டர்போ பாதி செத்தாலும் நல்லூருக்கும் பருத்தித்துறைக்கும் வான் சும்மா ஓடும். கண்டிக்கு ஆட்களை ஏற்றிப் போனபோது, மாத்தளை தாண்டித்தான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. அக்சிலேட்டரை மிதித்தால் அம்புலன்ஸ் மாதிரி ஊளை, பின்னால் நீலப் புகை.

கறுப்புப் புகையும் 'உஸ்' என்ற சத்தமும் மட்டும் என்றால், முதலில் இன்டர்கூலர் (டர்போவிலிருந்து வரும் சூடான காற்றை ஆற்றும் பெட்டி) ஹோஸ் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். அது சின்னச் செலவு. நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. எஞ்சின் ஆறிய பிறகு, ஏர் ஃபில்டரிலிருந்து வரும் பைப்பைக் கழற்றி, உள்ளே காற்றாடியின் நடு நட்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் சொற்ப ஆட்டம் இருப்பது வழமை. தண்டு ஒயில் படலத்தில் மிதந்து சுற்றுவது. முன்னும் பின்னும் ஆடினாலோ, இதழ் சுவரில் உரசிய கோடு தெரிந்தாலோ டர்போ முடிந்தது. என்னுடையதில் இதழ் நுனிகள் கத்தியால் சீவியது போல் இருந்தன.

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையிலிருந்து ரீகண்டிஷன் டர்போ ஒன்று எடுப்பித்துப் பூட்டினேன். இரண்டு மாதத்தில் அதுவும் அதே ஊளை. அப்போதுதான் சுன்னாகத்தில் ஒரு வயதான மெக்கானிக் சொன்னார்: "தம்பி, டர்போவை விடும். முதல் சம்பைக் கழற்றுவம்."

சம்ப் என்பது எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் தட்டு. கழற்றினால், ஒயில் உறிஞ்சும் சல்லடையில் பாதிக்கு மேல் தார் மாதிரி அடைத்துக் கிடக்கிறது. இந்த எஞ்சினில் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கு அடியிலுள்ள செப்பு வொஷர் கசிந்தால், எரிந்த புகை ஒயிலில் கலந்து அதைத் தடிப்பாக்கிவிடும். நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற டர்போ ஒயில் இல்லாமல் எவ்வளவு நேரம் தாங்கும்?

ஆகவே வொஷர் நாலையும் மாற்றி, சல்லடையைக் கழுவி, டர்போவுக்கு ஒயில் போகும் பைப்பையும் புதிதாகப் போடுங்கள். ஒயில் பைப் கேஸ்கட்டில் சிலிக்கன் பூச விடாதீர்கள், பிதுங்கி உள்ளே போய் ஓட்டையை அடைக்கும். இன்டர்கூலரில் தேங்கிய ஒயிலை வடித்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சின் அந்த ஒயிலையே குடித்துத் தானாக ரேஸ் ஆகும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது.

புது ஒயில், ஃபில்டர் போட்ட பிறகு, டர்போவின் ஒயில் துவாரத்தில் கொஞ்சம் ஒயில் ஊற்றிக் கையால் சுற்றிவிடுங்கள். இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றிவிட்டு, ஒயில் லைட் அணையும்வரை விட்டு விட்டு ஸ்டார்ட்டரை அடியுங்கள். அப்புறம் கனெக்டர்களைப் போட்டு ஸ்டார்ட் செய்து, சில நிமிடம் ஐடிலில் விடுங்கள். பக்கத்தில் நிற்கிற பெடியன் ஒருவன் "ஊளை போட்டுதோ பாப்பம்" என்று உடனே ரேஸ் பண்ண வருவான். அவன் கையில் சாவியைக் கொடுக்காதீர்கள்.