பக்கெட் நிறைந்தால் டிராக்டரின் பின்பக்கம் தூக்குவது ஏன்?

கேள்வி: 47 குதிரைத்திறன் கொண்ட டூ வீல் டிரைவ் டிராக்டரில் முன் லோடர் மாட்டியிருக்கிறேன். தொழு உரம் அள்ளும்போது தொந்தரவு இல்லை. கண்மாய் வண்டலை அள்ளினால் ஸ்டியரிங் கனக்கிறது, பின்சக்கரம் சறுக்குகிறது. கரையிலிருந்து லோடோடு இறங்கும்போது பிரேக் பிடித்தும் வண்டி நிற்காமல் போகிறது. தூக்கி நிறுத்திய பக்கெட்டும் தானாக மெல்ல இறங்குகிறது. என்ன பழுது? கிரீஸ், ஆயில் பராமரிப்பு எப்படி? (மேலூர் பகுதி வாசகர்)

பதில்: பக்கெட் தானாக இறங்குவது தனி விஷயம், பின்னால் வருகிறேன். மற்ற மூன்றுக்கும் காரணம் ஒன்றே. வண்டியின் பின்புறம் போதுமான எடை இல்லை. மெக்கானிக்கிடம் விட்டு ஸ்டியரிங்கையும் பிரேக்கையும் பிரித்துப் பார்ப்பதற்கு முன், கணக்கைப் பாருங்கள்.

உங்கள் பக்கெட் 0.4 கன மீட்டர் கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். அதில் காய்ந்த தொழு உரம் நிறைத்தால் ஏறக்குறைய 200 முதல் 250 கிலோ. அதே பக்கெட்டில் ஈர வண்டல் 700 கிலோவைத் தொட்டுவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒரே குவியலாகத்தான் தெரியும். இந்த 700 கிலோ, முன் அச்சுக்கு ஒன்றரை மீட்டர் முன்னால் தொங்குகிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே சுமார் 2 மீட்டர். தராசுத் தண்டு போல முன் சக்கரத்தை ஊன்றுகோலாக வைத்து வண்டி முன்பக்கம் சாயப் பார்க்கும். 700-ஐ 1.5-ஆல் பெருக்கி 2-ஆல் வகுத்தால் 525. அதாவது பின் அச்சிலிருந்து 525 கிலோ பறிபோய், முன் அச்சில் 1,225 கிலோ கூடுதலாக ஏறுகிறது. 2,000 கிலோ டிராக்டரில் பின் அச்சில் இருப்பதே 1,200 கிலோ சொச்சம்தான். அதில் பாதிக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். பிடிமானம் எங்கிருந்து வரும்?

உங்கள் வண்டியில் அளவுகள் சற்று மாறும். டேப் வைத்து அளந்து இதே கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். லோடரின் தூக்கும் திறன் என்று விளம்பரத் தாளில் இருக்கும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். அது ஹைட்ராலிக் எவ்வளவு தூக்கும் என்று சொல்கிறதே தவிர, உங்கள் முன் அச்சும் கிங்பின்னும் (முன்சக்கரம் திரும்பும் அச்சாணி) எவ்வளவு தாங்கும் என்று சொல்லவில்லை. டூ வீல் டிரைவ் வண்டியின் முன் அச்சு திருப்புவதற்காகச் செய்யப்பட்டது, சுமப்பதற்காக அல்ல. ஈர வண்டலுக்கு அரை பக்கெட் போதும்.

சரி, பின்னால் எடை எங்கே சேர்ப்பது? இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பின் டயரில் தண்ணீர் நிரப்புவதும், சக்கரத்தில் வார்ப்பு வெயிட் மாட்டுவதும் பின்சக்கரப் பிடிமானத்தைக் கூட்டும். டயரின் வால்வை மேலே வைத்து முக்கால் பங்கு நிரப்பினால் 13.6-28, 14.9-28 அளவு டயர்களில் ஒன்றுக்கு 150 முதல் 200 லிட்டர் வரை போகும், அது நல்லதுதான். ஆனால் அந்த எடை நேராகப் பின் அச்சின் மேலேயே விழுவதால், முன் அச்சின் பாரம் ஒரு கிலோகூடக் குறையாது. ஸ்டியரிங் அப்படியேதான் கனக்கும். பின் அச்சுக்கும் பின்னால், அதாவது கலப்பை மாட்டும் லிங்கில் எடை தொங்கினால்தான் முன்பக்கம் லேசாகும்.

இதற்குச் செலவு குறைந்த வழி, ஒரு 200 லிட்டர் இரும்பு பேரலில் கான்கிரீட் ஊற்றுவது. நிறைத்தால் 480 கிலோ வரும். அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் பேரலைக் குறுக்காகத் துளைத்து ஒரு கெட்டியான இரும்புத் தண்டைச் செருகிய பிறகே கான்கிரீட் ஊற்ற வேண்டும். லோயர் லிங்க் பந்தின் ஓட்டையை அளந்து தண்டின் கனத்தை முடிவு செய்யுங்கள். உங்கள் அளவு வண்டிகளில் பெரும்பாலும் 28 மி.மீ., சிறிய வண்டிகளில் 22 மி.மீ. மேலே டாப் லிங்க் மாட்ட இரண்டு காது வேண்டும். அவற்றை பேரல் தகட்டில் ஒட்டவைத்தால் பிய்ந்துவிடும். உள்ளே இறங்கிய கம்பியோடு வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். டாப் லிங்க் இல்லாமல் வெறும் இரண்டு லிங்கில் தொங்கவிட்டால் பேரல் ஆடி வண்டியையும் ஆட்டும்.

இந்த 480 கிலோ பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் தொங்கினால், பின் அச்சில் 720 கிலோ கூடும், முன் அச்சில் 240 கிலோ குறையும். அதாவது வெயிட்டைவிடக் கூடுதலான பலன் பின் அச்சுக்குக் கிடைக்கிறது. வேலை செய்யும்போது தரையிலிருந்து ஓர் அடிக்கு மேல் தூக்க வேண்டாம். ரோட்டவேட்டரோ ஒன்பது கொத்துக் கலப்பையோ மாட்டியும் இதே வேலையை முடிக்கலாம். ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் பின்னால் நிற்பவர் காலைப் பார்க்க வேண்டியிருக்கும். பேரல் அடக்கமானது.

பிரேக் விஷயத்துக்கு வருவோம். நம் டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரத்தில் மட்டுமே. கரையிலிருந்து லோடோடு முகம் கீழ்நோக்கி இறங்கும்போது இருக்கிற எடையும் முன்னால் போய்விடும். பின்சக்கரம் பூட்டிக்கொண்டாலும் மண்ணைப் பிடிக்காமல் இழுபட்டே போகும். பிரேக் ஷூவையோ டிஸ்க்கையோ மாற்றி இது தீராது. லோடோடு சரிவில் இறங்குவதானால் ரிவர்ஸில், லோ கியரில், பக்கெட் மேட்டுப் பக்கம் பார்க்க இறங்குங்கள். ஏறும்போது நேராக ஏறலாம். சரிவின் குறுக்கே போவதைத் தவிருங்கள். இடது, வலது பிரேக் பெடல்களை இணைக்கும் கொக்கி லோடர் வேலை முழுக்கப் போட்டே இருக்கட்டும். உழவில் ஒரு பக்க பிரேக் மிதித்துத் திருப்பிப் பழகிய கால், பக்கெட் உயரத்தில் இருக்கும்போதும் அதையே செய்துவிடும். அப்போது வண்டி பக்கவாட்டில் சாயும்.

அள்ளும் முறை எளிது. பக்கெட்டைத் தரைக்குச் சமமாக வைத்து, முதல் லோ கியரில், 1,500 ஆர்.பி.எம். அளவில் குவியலுக்குள் நேராகப் போங்கள். பக்கெட் இறங்கியதும் பின்னுக்கு மடக்கிக்கொண்டே மெல்லத் தூக்குங்கள். இரண்டும் ஒருசேர நடந்தால் பின்சக்கரம் சுழலாது. வேகமாக வந்து மோதினால் அதிர்ச்சி லோடரின் பிராக்கெட் வழியாக டிராக்டரின் உடம்புக்கே போகும். இறுகிய தரையைப் பக்கெட்டின் மூலையால் குத்தித் தோண்டாதீர்கள். பக்கெட்டைத் தாங்கும் லோடர் கைகளில் ஒரு பக்கக் கை மட்டும் முறுக்கிக்கொள்ளும், அதன் பிறகு பக்கெட் எப்போதும் கோணலாகத்தான் நிற்கும். தோண்டும் வேலைக்கு ஜே.சி.பி.யைக் கூப்பிடுங்கள், முறுக்கிய கையைச் சரிசெய்வதைவிட மணிக்கணக்கு வாடகை மலிவு.

அள்ளியபின் பக்கெட்டை முழங்கால் உயரத்துக்கு இறக்கிக்கொண்டு நகருங்கள். டிரெய்லரின் ஓரத்துக்கு வந்த பிறகுதான் தூக்க வேண்டும். வண்டி நின்ற இடத்தில் லோடோடு ஸ்டியரிங்கைத் திருப்பினால் டை ராட் முனைகளும் பவர் ஸ்டியரிங் சிலிண்டரும் சீக்கிரம் தேயும். கொஞ்சம் உருளவிட்டுத் திருப்புங்கள்.

சில லோடர்களில் லீவரை முன்னால் கடைசி வரை தள்ளினால் ஒரு கிளிக் சத்தத்தோடு அங்கேயே மாட்டிக்கொள்ளும். தரை மேடுபள்ளத்துக்கு ஏற்ப பக்கெட் மிதந்து போவதற்கான நிலை அது. சிலிண்டரின் இரு பக்க ஆயிலும் தொட்டிக்குத் திறந்துவிடும். பக்கெட் உயரத்தில் இருக்கும்போது அந்த இடத்துக்கு லீவர் போனால் கை அப்படியே விழும். என்ஜினை அணைத்தபின்னும் லீவரைத் தட்டினால் விழும். பக்கெட்டில் ஆளை ஏற்றி மாங்காய் பறிப்பது, தெருவிளக்கு மாட்டுவது, கொட்டகை வேய்வது எல்லாம் ஊரில் சகஜமாக நடக்கிறது, அதனால்தான் அது ஆபத்து. ஒரு ஹோஸ் வெடித்தாலும் இதே கதிதான். தூக்கிய பக்கெட்டுக்குக் கீழே கிரீஸ் அடிக்கக்கூட நுழையக் கூடாது. நுழைந்தே ஆக வேண்டுமென்றால், சிலிண்டர் தண்டின் மேல் கவ்வி உட்காரும் இரும்புத் தாங்கியைப் போட்டு, அதன் லாக் பின்னையும் செருகிவிட்டு நுழையுங்கள். மரக்கட்டை முட்டுக் கொடுப்பது வேண்டாம்.

தோட்டத்து மின்கம்பி தொய்ந்திருக்கும் இடத்தில் குவியல் போடாதீர்கள். முழுக்கத் தூக்கிய பக்கெட் பத்தடிக்கு மேல் போகும். கம்பி பட்டுவிட்டால், மின்வாரியத்தார் மின்சாரத்தை நிறுத்தும் வரை சீட்டிலேயே இருக்க வேண்டும், யாரையும் கிட்டே விடக் கூடாது. தீப்பற்றினால் மட்டும் இரு கால்களையும் சேர்த்து, வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாதபடி குதித்து, கால்களைப் பிரிக்காமல் தத்தித் தத்தி விலகுங்கள்.

இப்போது தானாக இறங்கும் பக்கெட். கொஞ்சம் இறங்குவது இயல்பு. கன்ட்ரோல் வால்வின் உள் தண்டுக்கும் அதன் துளைக்கும் இடையே ரப்பர் சீல் இல்லை, நூலிழை இடைவெளி உண்டு. அதன் வழியே ஆயில் கசியும். என்ஜினை அணைத்து, லோடர் கையில் சாக்பீஸால் உயரத்தைக் குறித்து ஐந்து நிமிடம் பாருங்கள். சில விரற்கடை என்றால் விட்டுவிடலாம். கண்ணெதிரே சறுக்கினால் முதல் சந்தேகம் வால்வு மேல்தான் வர வேண்டும். பட்டறையில் முதலில் சிலிண்டர் சீலை மாற்றுவார்கள். தூக்கும் சிலிண்டரின் உள் சீல் தேய்ந்திருந்தாலும், வால்வு இறுக்கமாக இருந்தால், பிஸ்டனின் கீழ்ப்பக்கத்திலிருந்து வரும் ஆயில் முழுவதும் தண்டு இருக்கும் பக்கத்தில் கொள்ளாது, தண்டே இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் கை முழுக்க விழ வழியில்லை. சீலை மாற்றியும் பக்கெட் இறங்கினால் வால்வைப் பாருங்கள்.

தூக்கவே தெம்பில்லை என்றால் கதை வேறு. ஆயில் மட்டம், அடைத்த சல்லடை, ஃபில்டர், காற்று இழுக்கும் குழாய், இந்த வரிசையில் பார்க்க வேண்டும். ஆயில் நுரைத்திருந்தால் காற்று, பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ரிலீஃப் வால்வை (ஆயில் அழுத்தம் எல்லை மீறாமல் காக்கும் வால்வு) திருகி ‘பிரஷர் கூட்டித் தருகிறேன்’ என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். பம்பும் ஹோஸும் அதற்குப் பலி.

ஹோஸில் ஈரம் தெரிந்தால் விரலால் தடவிப் பார்க்கக் கூடாது. ஊசித் துளையில் சீறும் ஆயில் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போகும். மேலே சிறு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் அதிகம் இருக்காது. சில மணி நேரத்துக்குள் அறுவைசிகிச்சை செய்யாவிட்டால் விரலையே எடுக்க நேரும். அட்டையைக் காட்டித் தேடுங்கள். ஹோஸைக் கழற்றும் முன் பக்கெட்டைத் தரையில் வைத்து, என்ஜினை அணைத்து, லீவரை நாலா பக்கமும் இரண்டு மூன்று முறை அசைத்து அழுத்தத்தை விடுங்கள்.

கிரீஸ், வேலை செய்யும் நாள்தோறும், அதாவது 8 முதல் 10 மணி நேரத்துக்கு ஒருமுறை. லோடர் பின்கள், சிலிண்டரின் இரு முனைகள், இவற்றோடு முன் அச்சின் நடுப்பின்னும் இரு கிங்பின்களும். இந்தக் கடைசி மூன்றைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள், லோடர் வேலையில் அதிகம் அடி வாங்குவதும் அவைதான். நிப்பிளைத் துடைத்துவிட்டு, பழைய கிரீஸ் வெளியேறிப் புதிது எட்டிப் பார்க்கும் வரை அடியுங்கள். முன் டயர் காற்றைப் பக்கச்சுவரில் அச்சிட்ட உச்ச அளவுக்கு வையுங்கள். ஆயில் மட்டத்தை லோடர் கையைக் கீழே இறக்கி, சிலிண்டர்கள் உள்வாங்கிய நிலையில் பாருங்கள். தூக்கி வைத்துப் பார்த்து ஊற்றினால் பிறகு வழியும். ஹைட்ராலிக் ஆயில் கியர்பாக்ஸோடு சேர்ந்த வண்டியா, தனித் தொட்டியா என்று கையேட்டில் பார்த்து அதே தரத்தை ஊற்றுங்கள். புது லோடருக்கு முதல் ஃபில்டரை 50 மணி நேரத்தில் மாற்றுவது நல்லது. பக்கெட்டில் வெல்டிங் செய்வதானால் பேட்டரி வயரைக் கழற்றி, எர்த் கிளாம்பை வெல்டிங் செய்யும் இடத்துக்கு அருகிலேயே மாட்டச் சொல்லுங்கள். கரண்ட் பின்கள் வழியாகப் போனால் புஷ் வெந்துவிடும்.

லோடரை மாட்டியிருக்கும் போல்ட்டுகளை முதல் 10 மணி நேரம் முடிந்ததும், பிறகு 50 மணி நேரத்துக்கு ஒருமுறையும் டார்க் ரென்ச்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். உங்கள் லோடரின் சட்டத்திலிருந்து பின் அச்சு வரை போகும் தாங்கு கம்பிகள் இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். விலை குறைக்க அவற்றை விட்டுவிட்டு மாட்டித் தருவதுண்டு. அவை இல்லாவிட்டால் பக்கெட்டின் ஒவ்வொரு அதிர்ச்சியும் என்ஜினும் கிளட்ச் ஹவுசிங்கும் சேரும் போல்ட்டுகளில் இறங்கும். அந்த இணைப்பில் புதிதாக ஆயில் கசிவோ, பெயிண்டில் மயிரிழை விரிசலோ தெரிந்தால் லோடரைக் கழற்றி இறக்கிவிட்டு வண்டியைச் சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள்.