பதில்: சாதாரண பயனர் அனுப்பிய நெட்லிங்க் செய்தி யுஐடி 0 என்று காட்டுகிறது

லினக்ஸ் 3.2 போர்டில், ரூட் (நிர்வாகி) அல்லாத சோதனை நிரல் நெட்லிங்க் (கெர்னலும் நிரல்களும் செய்தி பரிமாறும் வழி) மூலம் அனுப்பும் போலி "லிங்க் டவுன்" (இணைப்பு அறுந்தது) செய்தியை உங்கள் டீமன் (பின்னணியில் ஓடும் நிரல்) நம்பிவிடுகிறது என்றீர்கள். கோளாறு கெர்னலில். பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலில் அதன் எண் சிவிஇ-2012-3520. அனுப்புநர் எஸ்சிஎம்_கிரெடென்ஷியல்ஸ் (தான் யார் என்ற விவரம்) வைக்காவிட்டால் கெர்னல் அந்த இடத்தைப் பூஜ்யங்களால் நிரப்பிவிடும். யுஐடி (பயனர் எண்) 0 என்றால் ரூட். விவரம் தராதவனுக்கே ரூட் மரியாதை!

3.2.30-இல் சரிசெய்துவிட்டார்கள். டெபியன் 7 என்றால் கெர்னல் பதிப்பைக் காட்டும் யூநேம் -ஆர் கட்டளை எப்போதும் 3.2.0-4 என்றே சொல்லும்; யூநேம் -வி கொடுத்தால்தான் உண்மையான எண் தெரியும்.

கெர்னலை மாற்ற முடியாவிட்டாலும் டீமனைத் திருத்தலாம், மாற்றினாலும் திருத்துங்கள். செய்தி வாங்க ரெசிவ் அழைப்பை விட்டு ரெசிவ்எம்எஸ்ஜிக்கு மாறுங்கள். எம்எஸ்ஜி_நேமில் சாக்அடர்_என்எல் (அனுப்புநர் முகவரிக்கான இடம்) கொடுத்து, செய்தி வந்ததும் அதன் என்எல்_பிஐடி (அனுப்பிய சாக்கெட்டின் போர்ட் எண்) 0-தானா, அதாவது கெர்னல்தானா என்று பாருங்கள். இல்லையென்றால் செய்தியைத் தூக்கி எறியுங்கள். அந்த எண்ணை நிரப்புவது கெர்னல்; பயனர் சாக்கெட்டுக்கு 0 கிடைக்காது.

பலர் சறுக்கும் இடம் ஒன்று: செய்தித் தலைப்பிலுள்ள என்எல்எம்எஸ்ஜி_பிஐடி வேறு. அது அனுப்புநர் எழுதுவது, எதையும் போடலாம். உங்கள் குறியீட்டில் சோதிப்பது அதையா என்று பாருங்கள்.

லிங்க் மாற்றங்களை அறிவிக்கும் ஆர்டிஎம்ஜிஆர்பி_லிங்க் குழுவில் மட்டும் சேர்ந்திருப்பது காப்பாற்றாது. உங்கள் போர்ட் எண்ணுக்கு நேரடியாக அனுப்பினால் குழு குறுக்கே வராது. அந்த எண் பெரும்பாலும் டீமனின் பிஐடியேதான் (ஓடும் நிரலின் எண்), ஊகிப்பது சுலபம். 2009-இல் யூடெவ் (லினக்ஸில் சாதனங்களைக் கவனிக்கும் டீமன்) மாட்டியதும் (சிவிஇ-2009-1185) செய்தி கெர்னலிலிருந்துதான் வந்ததா என்று பார்க்காததால்தான்.