பெட் வந்த பிறகு காமா கேமராவுக்கு வேலை உண்டா? – கேள்வி பதில்

கே: அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்று. எலும்பு ஸ்கேன் எழுதியிருக்கிறார்கள். பெட் எடுத்தால் நல்லதில்லையா டாக்டர்?

இரண்டிலும் கதிர் வீசும் மருந்தை ஊசியில் ஏற்றி, உடலிலிருந்து வரும் கதிரைப் படம் பிடிப்போம்; எலும்பு ஸ்கேனுக்குக் காமா கேமரா, பெட்டுக்கு வளைய வடிவ மெஷின். எந்த மெஷின் என்பதைவிட எந்த ஊசி என்று கேளுங்கள். எலும்பு ஸ்கேனில் டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த மருந்து போகும். எலும்பு எங்கே புதிதாகக் கட்டுகிறதோ அங்கே சேரும். பெட்டில் வழக்கமாகப் போடும் எஃப்.டி.ஜி. ஒருவகைச் சர்க்கரை. புராஸ்டேட் புற்று பல நேரம் அதைச் சீண்டாது. பி.எஸ்.எம்.ஏ. பெட் (புராஸ்டேட் புற்று செல்லின் மேலுள்ள ஒரு புரதத்தில் ஒட்டும் ஊசி) என்றால் கதை வேறு, அதைப் பற்றி உங்கள் டாக்டரிடம் கேட்கலாம்.

கே: பெட் படம் மட்டும் எப்படி அவ்வளவு தெளிவாக வருகிறது?

காமா கேமராவுக்கு முன்னால் துளைத்துளையாக ஓர் ஈயத் தட்டு இருக்கும். நேராக வரும் கதிரை மட்டும்தான் விடும். பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு தேறினால் பெரிய விஷயம், மற்றதெல்லாம் ஈயத்தோடு போச்சு. பெட்டில் மருந்து விடும் பாசிட்ரான் (எலக்ட்ரானின் எதிர்த்துகள்) எலக்ட்ரானோடு சேர்ந்து அழியும்போது இரண்டு கதிர்கள் எதிரெதிராகப் பாயும். இரண்டும் ஒரே கணத்தில் மெஷின் வளையத்தைத் தொட்டால், எந்தக் கோட்டில் வந்தன என்று தெரிந்துவிடும். ஈயமே வேண்டாம்.

கே: அப்போ காமா கேமரா, அதைச் சுற்றவிட்டு முப்பரிமாணப் படம் எடுக்கும் ஸ்பெக்ட் எல்லாம் மூட்டை கட்ட வேண்டியதுதானே?

அவசரப்படாதீர்கள். பெட்டுக்கான ஃபுளூரின்-18, 110 நிமிடத்தில் பாதியாகிவிடும்; வண்டி டிராஃபிக்கில் மாட்டினால் மருந்தும் கரையும். டெக்னீசியத்துக்கு அந்தக் கவலை குறைவு. உள்ளே மாலிப்டினம் சிதைந்து டெக்னீசியமாக மாறும் ஜெனரேட்டர் ஒன்று உண்டு; அதைப் பசு மாதிரி காலையில் ‘கறப்போம்’. ஒரு பக்கம் உப்புநீர், மறுபக்கம் காற்றில்லாத குப்பி; தண்ணீர் போலத் தெளிவாக வந்து விழும். 6 மணி நேரம் ஆகும் பாதி குறைய. ஆனால் பசுவுக்குத் தீவனமான மாலிப்டினம் அணு உலையிலிருந்துதான் வர வேண்டும். 2009–10இல் கனடாவின் சாக் ரிவர், நெதர்லாந்தின் பெட்டன் உலைகள் நின்றபோது உலகமே தவித்தது.

என் கணிப்பு: இதய ஸ்கேனில் ஸ்பெக்ட் மெல்ல இடம் விடும். ஃபுளூர்பிரிடாஸ் என்ற பெட் மருந்துக்கு 2024இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்துவிட்டது. சிறுநீரக ஸ்கேனில் அசையாது. லுட்டீஷியம்-177 என்ற கதிரியக்க மருந்தால் புற்றைத் தாக்கும் சிகிச்சையில் இரண்டும் வேண்டும்: யாருக்குக் கொடுக்கலாம் என்று பெட் சொல்லும், கொடுத்தது எங்கே போய்த் தங்கியது என்று ஸ்பெக்ட் காட்டும்.

கே: எஃப்.டி.ஜி. ஊசி போட்டதும் பேசாமல் படுக்கச் சொல்கிறார்களே, ஏன் சார்?

பேசினால் குரல்வளைத் தசை சர்க்கரையை இழுத்துவிடும். ஒருவர் அந்த ஒரு மணி நேரமும் போனில் பேசிக்கொண்டே இருந்தார். படத்தில் தொண்டை பளபளவென்று எரிந்தது. சூயிங்கம்மும் கூடாது, தாடை எரியும்.