அக்காவிடம் கேளுங்கள்: பீர் ஆகிவிட்டதா?

(பிரிட்டன் வாசகர்களின் கேள்விகளுக்கு, பீர் ஆலையின் தர ஆய்வகத்திலிருந்து ஓய்வு பெற்ற அக்கா பதில் சொல்கிறார்.)

கேள்வி: அக்கா, லெஸ்டரில் வாடகை வீட்டில் 20 லிட்டர் பேல் ஏல் பீர் போட்டிருக்கிறேன். ஈஸ்ட் சேர்க்கும் முன் கிராவிட்டி (தண்ணீரை 1.000 என்று வைத்துச் சொல்லும் அடர்த்தி) 1.048. ஒரு வாரம் கழித்து ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தால் 1.026, ஹைட்ரோமீட்டரில் 1.013. ஏர்லாக்கில் (வாயுவை மட்டும் வெளியே விடும் மூடிக் குழாயில்) குமிழியும் நின்றுவிட்டது. எதை நம்பி பாட்டிலில் அடைப்பது?

பதில்: ஹைட்ரோமீட்டரை நம்புங்கள் தம்பி. ரிஃப்ராக்டோமீட்டர் பழுதில்லை, அதனிடம் கேட்கக் கூடாததைக் கேட்டிருக்கிறீர்கள். ஒளி எவ்வளவு வளைகிறது என்று பார்த்து, அது முழுக்கச் சர்க்கரையால்தான் என்று அது கணக்குப் போடும். மால்ட் சாறு (முளைகட்டிய பார்லியின் இனிப்புச் சாறு) வெறும் சாறாக இருக்கும்வரை சரி. ஆல்கஹால் வந்துவிட்டால் அதுவும் ஒளியை வளைக்கும்; கருவி அதையும் சர்க்கரைக் கணக்கில் சேர்த்துவிடும். உங்கள் 1.048-ஐயும் 1.026-ஐயும் திருத்தக் கணக்கில் போட்டால் கிட்டத்தட்ட 1.013-தான் வரும்.

ஹைட்ரோமீட்டர் ஊரில் பால்காரருக்காக வாங்கிவைக்கும் லாக்டோமீட்டரின் கூடப்பிறந்தது. தண்ணீரில் 1.000 காட்டும். சர்க்கரை குறையக் குறைய, ஆல்கஹால் கூடக் கூட, தண்டு கீழே இறங்கும். ஆனால் குழாயைத் திறந்து பிடித்த கையோடு மிதக்கவிட்டால் தப்பாகத்தான் காட்டும். பீரில் கரைந்திருக்கும் வாயு பொடிக் குமிழிகளாகக் கண்ணாடியில் ஒட்டி, தண்டை மேலே தூக்கிவிடும். எடுத்த மாதிரியை இரண்டு டம்ளர்களில் மாற்றி மாற்றி நன்றாக ஆற்றுங்கள். நுரை அடங்கியதும் ஜாடியில் ஊற்றி, தண்டை விரலால் ஒரு சுழற்று சுழற்றிவிடுங்கள். மிச்சக் குமிழியும் உதிரும். கண்ணை மட்டத்துக்குக் கொண்டுபோய், கண்ணாடியோரம் ஏறி நிற்கும் விளிம்பை விட்டுவிட்டு, தட்டையான மட்டத்தில் படியுங்கள். தண்டுக்குள் இருக்கும் காகிதத்தில் எந்த வெப்பநிலைக்கான கருவி என்று போட்டிருக்கும், பெரும்பாலும் 20 டிகிரி. மாதிரி 30 டிகிரியில் இருந்தால் இரண்டு மூன்று புள்ளி (ஒரு புள்ளி என்றால் 0.001) குறைத்துக் காட்டும்.

முதல் அளவை எழுதிவைத்திருக்கிறீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். இந்த நாட்டில் 1880-இல் பிரதமர் கிளாட்ஸ்டன் மால்ட் வரியை எடுத்துவிட்டு, ஈஸ்ட் சேருமுன் உள்ள கிராவிட்டியைப் பார்த்து பீருக்கு வரி போட்டார். 1993 வரை அதுதான் நடைமுறை. நான் ஆய்வகத்தில் சேர்ந்த காலத்தில் முதல் அளவு என்றாலே காசு விஷயம், கை நடுங்கும்.

குமிழி நின்றதை மட்டும் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள். மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலும் நிற்கும். வேலை முடிந்த பீரும் அறை சூடேறினால் குமிழி விடும். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இரண்டு தடவை பாருங்கள். இரண்டும் 1.013 என்றால் அடையுங்கள். இன்னும் இறங்குகிறது என்றால் பொறுங்கள். மூன்று நான்கு புள்ளிச் சர்க்கரை உள்ளே மிச்சமிருக்க, நீங்கள் வேறு நுரை வரட்டும் என்று பாட்டிலுக்குச் சர்க்கரை சேர்த்தால், வாயு மிகுந்து கண்ணாடி வெடித்துச் சிதறும். 1.013-இல் நின்றால், 1.048-இலிருந்து அதைக் கழித்து வரும் 0.035-ஐ 131.25-ஆல் பெருக்குங்கள், சுமார் 4.6 சதவீத ஆல்கஹால்.

கேள்வி: அளந்த மாதிரியைத் திரும்ப ஊற்றலாமா? வீணாகிறதே!

பதில்: கூடவே கூடாது. டம்ளரும் ஜாடியும் பட்ட பீர் அது. 100 மில்லிக்கு ஆசைப்பட்டு 20 லிட்டரையும் புளிக்கவிடுவீர்கள். குடித்துப் பாருங்கள். எண் சொல்லாததை நாக்கு சொல்லும்.

கேள்வி: உள்ளேயே மிதந்து போனுக்கு அளவு அனுப்பும் டில்ட் வாங்கலாமா?

பதில்: பணம் இருந்தால் வாங்குங்கள். எவ்வளவு சாய்ந்து மிதக்கிறது என்பதிலிருந்து கிராவிட்டியைக் கணிக்கும் கருவி அது. நுரையும் ஈஸ்ட்டும் மேலே அப்பிக்கொண்டால் சாய்வு மாறும், எண்ணும் மாறும். இறங்குகிறதா நிற்கிறதா என்று பார்க்க அருமையானது. மூடியைத் திறந்து காற்றுப் படவிடும் வேலையும் மிச்சம். கடைசி எண்ணுக்கு நான் கண்ணாடித் தண்டைத்தான் எடுப்பேன்.

கேள்வி: விடுமுறைக்குத் திருச்சி போகும்போது அங்கேயும் ஒரு தடவை போட்டுக் காட்டலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். இங்கே 1963 முதல் சொந்த உபயோகத்துக்கு உரிமம் தேவையில்லை, விற்கத்தான் கூடாது. அங்கே 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் காய்ச்சுவதே குற்றம்.